நாலேகால் அடி ஈரம்

"டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாருப்பா. ஈரச் சுவர் இருக்கிற வீட்டுல பிஞ்சுக் குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாதாம். அது காயட்டும், அப்புறம் வர்றோம்," என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

முப்பது வருடம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்து ஓய்வுபெற்ற சர்வேயர் அவர். பேத்தி பிறந்து இரண்டு மாதமாகியும் படத்தில்தான் பார்த்திருக்கிறார். கட்டிலோரச் சுவரில் மேகம் போல ஒரு ஈரத்திட்டு குறுக்கே நின்றது. டேப்பை எடுத்து அளந்தார். தரையிலிருந்து நாலேகால் அடி.

"முதல்ல தலையைத் துவட்டுங்க. சளி பிடிச்சுக்கும்," என்றாள் மனைவி.

"பேத்தியே வர முடியாம கிடக்கா, இவளுக்கு என் சளிதான் பெரிசு!"

குளித்ததும் கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து அரைமணி நேரம் கனவு காண்பது அவர் வழக்கம். கண்ணை மூடினால் போதும், அந்த மேகத்தின் மேலேயே பேத்தி தவழ்ந்து வருவாள். பொக்கை வாயைத் திறந்து சிரித்து அவர் மூக்கைப் பிடிப்பாள். அவரும் லேசாகி அவளோடு மிதப்பார். பின்மண்டைக்குச் சுவர் ஜில்லென்று இருக்கும்.

மாடி வீட்டு அம்மாளின் குளியலறைதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, ஒரு வாரம் அதைப் பூட்ட வைத்தார். அந்த அம்மாள் துண்டும் சோப்பு டப்பாவுமாக இறங்கி வந்து இவர் வீட்டிலேயே குளித்தாள். ஈரம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார். மூன்றாம் நாள் அங்கேயும் ஒரு மேகம். டேப்பை வைத்து அளந்தார்.

"இங்கயும் நாலேகால் அடி! நிலத்தடி நீர் ஏறிடுச்சுடி. வீடே முழுகப் போகுது!"

"முழுகட்டும். நீங்க முதல்ல தலையை..."

"சும்மா இருடி!"

உளியை எடுத்துப் பூச்சைத் தானே கொத்தத் தொடங்கினார். உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசி. ஒரு நாளைக்கு மூன்று குளியல், மூன்று கனவு. மேகம் மூன்று மடங்கு பெருத்தது.

"அப்போ இந்த மாசமும் வேண்டாம்ப்பா," என்றாள் மகள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் கொத்தனார் வந்தார். ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிலோர ஈரத்தின் மேல் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார்.

"நாளைக்கு வந்து பார்க்கிறேங்க. தாளுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா தண்ணி சுவருக்குள்ள இருக்கு. இடிச்சாகணும். வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தா வேற எங்கேயோ இருந்து வருது."

மறுநாள் கொத்தனார் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. சர்வேயர் அப்போதுதான் குளித்துவிட்டு, கட்டிலில் சாய்ந்து கண்மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். பேத்தி அன்று மூக்கை விட்டுவிட்டுக் காதைப் பிடித்திருந்தாள்.

கொத்தனார் தாளின் ஓரத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தார். உள்பக்கம் காய்ந்து கிடந்தது. வெளிப்பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சர்வேயரின் டேப்பையே எடுத்து, தரையிலிருந்து அவர் பின்மண்டை வரை இழுத்துப் பிடித்தார்.

"நாலேகால் அடி. ஐயா, சுவர் ஒழுகலை, உங்க தலைதான் ஒழுகுது."