இருபது பேருக்கு மேல் ஏற்றாத முதலாளி

சட்டத்தை மதிக்கிற முதலாளி என்று ஓர் இனம் உண்டு. அரிசி மில்லோ மோட்டார் கம்பெனியோ, எதை நடத்தினாலும் சர்க்கார் உத்தரவைக் கண்ணாடி போட்டு மாட்டி, சந்தனம் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்டுவார். படிக்க மாட்டார். கும்பிடுகிற ஒன்றை யாராவது படித்துப் பார்ப்பார்களா?

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஆறு பஸ் ஓட்டிய அய்யாக்கண்ணு இந்த இனத்தின் மாணிக்கம். "இருபது பேருக்கு மேல் ஏற்றக் கூடாது" என்ற உத்தரவு அவருடைய கீரனூர் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் குங்குமப் பொட்டுடன் தொங்கும். அதன் கீழே நாற்பத்து மூன்று பேர் நசுங்கிக்கொண்டிருப்பார்கள். இதில் அவர் மனசாட்சிக்கு ஒரு குறையும் இல்லை. இன்ஸ்பெக்டர் நிற்பது சாலை பிரிகிற நார்த்தாமலை விலக்கில். அதற்கு ஒரு பர்லாங்கு முன்னால் கண்டக்டர் காஜா மைதீன் தகரத்தைத் தட்டி, "இருபத்தி மூணு பேரு எறங்குங்க, அங்கிட்டு வந்து ஏறிக்கலாம்" என்பான். ஜனங்களும் சமர்த்தாக இறங்கி, பாறைக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் நடந்து, விலக்கைத் தாண்டிப் போய் நிற்பார்கள். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது, கரி வாயுவில் ஓடுகிற பஸ். எஞ்சின் நின்றுவிட்டால் தள்ளாமல் கிளம்பாது. ஆகவே எல்லாருமாகத் தள்ளிவிட்டு, ஓடி ஏறுவது வழக்கம்.

பர்மிட் புதுப்பிக்கிற மாதம் வந்தது. புது இன்ஸ்பெக்டர் செபமாலை ஒரு வரி தப்பாக எழுதினால் ஆறு பஸ்ஸிலும் கோழி அடைய வேண்டியதுதான். ஆகவே அன்றைக்கு அய்யாக்கண்ணுவே முன் சீட்டில் ஏறி வந்தார்.

பழைய இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இருந்தபடியே கையசைப்பார். செபமாலையோ, "எஞ்சினை நிறுத்துப்பா" என்றார். உள்ளே வந்து இரண்டு தரம் எண்ணினார். இருபது! அய்யாக்கண்ணுவுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஜனங்க சௌகரியந்தானுங்க எசமான் நம்ம கம்பெனிக்கு. லாபம் கெடக்கு, லாபம்!"

"ரொம்ப சந்தோஷம். கிளம்புங்க."

பஸ் எப்படிக் கிளம்பும்? டிரைவர் முக்கிப் பார்த்தார். பஸ் இருமியது, அடங்கியது. காஜா மைதீன் பாவம், வாய்ப் பழக்கம், "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கத்திவிட்டான்.

பாறைக்குப் பின்னாலிருந்து இருபத்து மூன்று பேரும் ஓடிவந்தார்கள். இடுப்பில் கோழிக் கூடையோடு செங்கமலம் முதலில். அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். 'ஐலசா' போட்டு ஒரே தள்ளு. எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

"இவங்கள்லாம் யாரு?" என்றார் செபமாலை.

அய்யாக்கண்ணுவுக்குக் குப்பென்று வியர்த்தது. ஆனால் இந்த இனத்துக்கு வாய் மட்டும் வற்றுவதே இல்லை.

"நம்ம கம்பெனி ஆளுங்கதாங்க. டிக்கட்டு வாங்குன ஜனங்க எறங்கித் தள்ளலாமா? அதுக்குன்னே இருபத்தி மூணு பேரைத் தனியா வச்சிருக்கேன். எல்லாம் ஒரு தர்மந்தானுங்க."

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு முதலாளியா!" என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பத்தாம் நாள் பர்மிட் வந்தது. ஆறு பஸ்ஸுக்கும் வந்தது. கூடவே ஒரு புது நிபந்தனையும் வந்தது: ஒவ்வொரு பஸ்ஸுக்கும், ஒவ்வொரு நிறுத்தத்திலும், கம்பெனி சம்பளத்தில் இருபத்து மூன்று ஆட்கள் தள்ளுவதற்குத் தயாராக நிற்க வேண்டியது.

அய்யாக்கண்ணு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சர்க்கார் உத்தரவை முழுக்கப் படித்தார். மூன்று தரம் படித்தார்.

வாசலில் செங்கமலம் கூடையை இறக்கி வைத்தாள். "மொதலாளி, நாந்தான் மொத ஆளா ஓடியாந்தேன். எந்த ஸ்டாப்புல நிக்கட்டும்?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், அந்த முதலாளிக்கு வேண்டியதுதான். ஆனால் தகரம் தட்டியதும் சமர்த்தாக இறங்கி, பாறையைச் சுற்றி நடந்து, மறுபடி ஏறிக்கொண்டார்களே, அவர்கள் எந்த இனம்? நினைவுபடுத்திப் பாருங்கள்: போன தடவை பஸ் ஏறினீர்களே, நீங்கள் எத்தனையாவது ஆள்?