மேஸ்திரி எழுந்த காலை

மேஸ்திரி எழுந்திருக்க மறுத்துவிட்டார். கிடங்கு வாசலில் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

மேஸ்திரி என்பது சர்வரில் இருந்த டாக்கர் டீமன் என்ற மேற்பார்வைப் புரோகிராமுக்குக் கிடங்கின் கம்ப்யூட்டர்காரன் வைத்த பெயர். கேட், எடைமேடை, பில் என்று ஒவ்வொரு புரோகிராமும் கண்டெய்னர் என்கிற தனித்தனிக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிடக்கும். எழுப்பி வேலைக்கு விரட்டுவது டீமன். அப்பா மூட்டை தூக்கி, அம்மா செங்கல் சுமந்து, மேஸ்திரிகளிடம் வசவு வாங்கி வளர்த்த பிள்ளை அவன். வேறு பெயர் வாயில் வரவில்லை.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்றார் மேனேஜர்.

"டிஸ்க் நிறைஞ்சுபோச்சு சார். புது டிஸ்க்குக்கு மாத்தினேன். செட்டிங் ஃபைல்ல ஒரு கமா விட்டுப்போச்சு."

"ஒரு கமாவுக்கா இத்தனை லாரி நிக்குது?"

"ஆமா சார்."

கமாவைப் போட்டான். டீமன் எழுந்தது. ஆனால் ஒரு கண்டெய்னரையும் காணோம். புது வீட்டு விலாசத்தைக் கொடுத்தவன் சாமானை ஏற்ற மறந்திருந்தான். எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு நகல் எடுத்து, மறுபடி எழுப்பினான். கேட் திறந்தது. எடைமேடை வாயைத் திறக்கவில்லை. ஒரு வரியை மாற்றி எழுப்பினான். எடைமேடை பேசியது, பில் வரவில்லை. இன்னொரு வரி, இன்னொரு தரம். ஒவ்வொரு தரமும் கேட் விழுந்து எழுந்தது.

"அண்ணே, தள்ளுங்க. கேட்டை நாங்களே தோள் குடுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கிறோம்" என்றான் ஒரு டிரைவர்.

ஒருவழியாக எல்லாம் ஓடியது. மேனேஜர் முறைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் அவனுக்குக் கடைசிக் கண்டெய்னர் ஞாபகம் வந்தது.

அது யாருக்கும் தெரியாமல் அவன் வைத்தது. அம்மா போனபிறகு ஊரில் தனியாகக் கிடந்த அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். இவன் போனில் என்ன சொன்னாலும் "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுவார். முகங்கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார் என்று இவனும் கூப்பிடுவதை விட்டுவிட்டான். பெண்டாட்டி அதட்டினால்தான் கேட்கிற மனுஷன். ஒரு பழைய போன் பதிவில் அம்மா, இவனோடு பேசும்போதே திரும்பிக் கத்தியிருந்தாள்: "யோவ், மாத்திரையப் போட்டியா இல்லையா?" அந்தக் குரலை வெட்டிக் கண்டெய்னரில் போட்டான். காலையில் சர்வர் எழுந்ததும் அது அப்பாவைக் கூப்பிடும். மாத்திரை தவறுவதில்லை என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள். அதோடு நிம்மதியாகிவிட்டான்.

எழுந்ததும் கூப்பிடு. அவ்வளவுதான் அவன் எழுதிவைத்தது. இன்றைக்கு எத்தனை தரம் எழுப்பினான்?

அந்தக் கண்டெய்னர் யார் யாரை எப்போது கூப்பிட்டது என்கிற பதிவேட்டைத் திறந்தான். கூப்பிட்டது, எடுத்தார். கூப்பிட்டது, எடுத்தார். திரை நிறைய அதேதான். அந்த மாத்திரையை இரண்டு சேர்த்துப் போட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பாவைக் கூப்பிட்டான்.

"அப்பா! போடாதப்பா! மாத்திரை போடாத!"

"சரிடா, போட்டுட்டேன்." வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டான். "அப்பா, கீழ வைப்பா அத!"

"போட்டுட்டேன்டா. நீ வேலையப் பாரு."

எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டான். "அக்கா, ஓடுங்கக்கா! அப்பா கையில இருக்கிற மாத்திரையப் பிடுங்குங்க!"

செருப்புச் சத்தம் கேட்டது. கதவுச் சத்தம் கேட்டது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தன் கையாலேயே அப்பனைக் கொன்றுவிட்டதாக நினைத்து, அந்த மெஷின் இரைச்சலுக்கு நடுவில் வாய்விட்டு அழுதான்.

"எதுக்கு இப்படிப் பதறுற தம்பி? நல்லாத்தான் இருக்கார். மாத்திரை டப்பா எங்க வீட்லல்ல இருக்கு. தினம் காலையில ஒண்ணே ஒண்ணுதான் கொண்டாந்து வெப்பேன். முழுங்கிட்டு, வாசல்ல நின்னு போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் போனைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டிருக்கார்."

மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அம்மா குரலக் கேட்டதுல அவ்வளவு சந்தோஷமா அக்கா?"

"எந்தக் குரல்? அவருக்குத்தான் காது சுத்தமா போயி ஒரு வருஷம் ஆச்சே, உனக்குத் தெரியாதா? பையில போன் அதிர்ந்தா, 'எம் மவன் கூப்பிடுறான், மாத்திரை போட்டேனான்னு கேப்பான்'னு எடுப்பார் தம்பி."