ஆறாம் பண்ணும் கோழி எலும்பும்

மறதியை இனி என் வாசற்படி ஏறவிடுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழி சூப் உண்டு முடித்த கையோடு, உறுதி பூண்டேன். காரணம் ஓர் எலும்பு.

கோழியின் நெஞ்சிலிருக்கும் கவட்டை எலும்பை இருவர் ஆளுக்கொரு முனை பிடித்து ஒடித்துவிட்டால், எங்கள் செர்பிய வீடுகளில் பந்தயம் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் ஒருவர் கையிலிருந்து மற்றவர் எதை வாங்கினாலும் 'தெரியும்' என்று சொல்லியே வாங்க வேண்டும். சொல்ல மறந்தால் கொடுத்தவர் 'யாதாட்ஸ்' என்பார். அத்துடன் ஆட்டம் முடிந்தது. வென்றவர் கேட்டதைத் தோற்றவர் தந்தாக வேண்டும்.

அன்று என்னோடு எலும்பை ஒடித்த என் மனைவி பெர்சிதா, தான் வென்றால் வேண்டும் என்று கேட்டது என் அறையை. அதில்தான் கணப்படுப்பும், என் பக்தி நூல்களும், புனித நிக்கோலஸின் திருவுருவத்துக்கு முன் எரியும் விளக்கும் இருக்கின்றன. அங்கே தன் தங்கை லெபோசாவாவை ஈஸ்டர் வரை தங்கவைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். லெபோசாவா நல்லவள். தூக்கத்திலும் பேசுவாள். நான் வென்றால் அவள் தன் வீட்டிலேயே பேசிக்கொண்டிருப்பாள்.

“ராதிவோய், இந்தா உப்பு.”

“தெரியும்.”

“கோட்டை மாட்டிக்கோ, வெளியே குளிருது.”

“தெரியும்.”

“குளிருதுன்னு தெரியுமா, கோட்டு தெரியுமா?”

“ரெண்டும் தெரியும்.”

பக்கத்து வீட்டு ஸ்வெதோசார் ஒரு நாள் வந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே, வயசானா மறதி வரும்பாங்க. உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சு போச்சு போலிருக்கே?”

“எல்லாம் தெரியும், ஸ்வெதோ,” என்றாள் பெர்சிதா. “என் தங்கச்சிக்கு இடம் குடுக்க மட்டும்தான் தெரியாது.”

இந்நிலையில் பாதிரியார் கெதெயோன் ஒரு நகைச்சுவைப் படத்தின் குறுந்தகட்டை என்னிடம் தந்தார். ஆலய மண்டபத்தில் அதைத் திரையிடலாமா என்று, காலமெல்லாம் ஆலயத்தில் பாடிய நான் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை நான் ஒருபோதும் தட்டிக்கழித்தவனல்லன்.

மாலை வழிபாடு முடிந்து வந்து என் நாற்காலியில் அமர்ந்தேன். கைகள் தம் விருப்பத்துக்கு எதையும் வாங்கிவிடாதபடி இரண்டையும் கக்கத்தில் பூட்டிக்கொண்டேன். பெர்சிதா அருகில் அமர்ந்தாள். படத்தில் பருமனான ஊர்த்தலைவர் ஒருவர் பிளம் பழக் களி கிண்டும் கொப்பரையில் விழுந்தார்.

“விழுறது நகைச்சுவை இல்ல, பெர்சிதா. விபத்து.”

“சரி.”

“மறுபடி விழுறான் பாரு. அதே விபத்து ரெண்டாம் தடவை நடந்தா அஜாக்கிரதை.”

“பாதிரியார்கிட்ட அப்படியே சொல்லு. இந்தா, பூசணி விதை.”

“தெரியும். இப்ப மாமியார் வர்றா. மாமியாரைக் காட்டிச் சிரிக்கவைக்கிறது சோம்பேறித்தனம்.”

“பேசாம பாரு. இனிமேதான் இருக்கு.”

அடுத்து ஓர் ஆலயப் பாடகன் வந்தான். பெரிய வெள்ளிக்கிழமையன்று, நோன்பும் அதுவுமாக, புகைபோட்ட பன்றித்தொடை ஒன்றை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு பாட நிற்கிறான். வாசனை பிடித்த ஒரு நாய் பின்னாலேயே வந்து அவன் காலடியில் உட்காருகிறது. அவன் பாட, அதுவும் ஊளையிடுகிறது. மலிவான கற்பனை என்று உள்ளுக்குள் குறித்துக்கொண்டேன்.

எங்கள் ஆலயப் பாடல்களுக்கு எட்டுப் பண்கள் உண்டு. அப்போது அந்தப் பாடகன் ஆறாம் பண்ணிலிருந்து இரண்டாம் பண்ணுக்கு வழுக்கினான். நாய் வழுக்கவில்லை. ஆறாம் பண்ணிலேயே, மூச்சு விடாமல், உருக்கமாக நின்றது. பாடகன் திரும்பி நாயைப் பார்த்தான். காதைக் கொடுத்துக் கேட்டான். பிறகு நாயைப் பின்பற்றித் தன் பாட்டைத் திருத்திக்கொண்டான்.

ஆலயத்தில் என் பக்கத்தில் நின்று பாடியவர் எவ்ஸ்தாத்தியே. ஒவ்வொரு பெரிய வெள்ளியிலும் அதே இடத்தில், அதே இரண்டாம் பண்ணுக்கு வழுக்குவார். அவருக்கு அருகில் இப்படி ஒரு நாயை நிறுத்தியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவுதான்.

வயிறு குலுங்கியது. பூசணி விதை மூக்குவரை ஏறியது. கண்ணீர் வழிந்து மூக்குக்கண்ணாடி மூழ்கியது. பார்வையின்றிக் கையை நீட்டித் துழாவினேன். மெத்தென்று ஏதோ கையில் வந்தது. துடைத்துக்கொண்டேன்.

“நன்றி, பெர்சிதா.”

“யாதாட்ஸ்,” என்றாள்.

கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். என் கையிலிருந்தது ஒரு கைக்குட்டை. இஸ்திரி போட்டு, நான்காய் மடித்திருந்த தடம் இன்னும் கலையவில்லை. சும்மா படம் பார்க்க உட்காருபவர்கள் அப்படியொன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதில்லை.

“நாய் வரும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்,” என்றாள். “லெபோசாவா வீட்ல பார்த்தேன். பாதிரியார்கிட்ட குடுத்ததே நான்தான்.”

“அவரும் இதுக்கு உடந்தையா?”

“அவருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். இதைப் பார்த்துச் சிரிக்காம தீர்ப்புச் சொல்ல உன்னை விட்டா ஆள் இல்லைன்னேன். உடனே ஒத்துக்கிட்டார்.”

மண்டபத்தில் படத்தைத் திரையிடலாம் என்றே தீர்ப்பளித்தேன். நாய்க்கு இழைக்கப்படும் அநீதிக்கு நான் காரணமாகக் கூடாதல்லவா.

இப்போது என் பக்தி நூல்களைச் சமையலறையில், முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயின் அருகே அமர்ந்து வாசிக்கிறேன். என் அறையில் லெபோசாவா தன் அக்காவுக்கு அந்தக் காட்சியைத் தினமும் நடித்துக் காட்டுகிறாள். நாயைப்போலவே ஊளையிடுகிறாள்.

இரண்டாம் பண்ணில்.