மொட்டமாடியில நின்ன பாய்மரம்

அந்த வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு பாய்மரத்துக்குப் பெயிண்ட் அடிக்கணும். அவ்ளோதான்.

பாகூர்ல பெயிண்டர் நடேசன்னா எல்லாருக்கும் தெரியும். கடை போர்டு, இரும்பு கேட்டு, மாட்டு வண்டிச் சக்கரம், எதைக் குடுத்தாலும் அடிப்பேன். பாய்மரம் மட்டும் அடிச்சது இல்ல. ஏரியும் நெல்லும் இருக்கிற ஊருக்கு எவன் பாய்மரத்தைத் தூக்கிக்கினு வருவான்?

ஒருத்தரு வந்தாரு. அரியாங்குப்பத்து அந்துவான் ஐயா. பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு பென்ஷனோட ஊர் திரும்பினவரு. அந்த மாதிரி ஆளுங்களை எங்க பக்கத்துல 'சொல்தா'ம்பாங்க. பொழுது போவணுமேன்னு சின்னதா ஒரு பாய்ப்படகு வாங்கி ஆத்துல ஓட்டிக்கினு இருந்தாரு. அதோட பாய்மரத்தை டெம்போ மேல கட்டி எடுத்தாந்து என் வாசல்ல இறக்கினாரு.

பேருதான் பாய்மரம். மரமே கிடையாது! நீட்டு அலுமினியக் குழாய். நடுவுல ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி ரெண்டு குறுக்குக் கம்பி. உச்சியிலேர்ந்து நாலு ஒயரு தொங்குது.

"நடேசன், பழைய பெயிண்டை சுத்தமா எடுக்கணும். வெள்ளை அடிக்கணும். ஒரு தூசி ஒட்டி இருக்கக் கூடாது. என் தம்பி பிரான்ஸ்லேர்ந்து வர்றான், அவனைப் படகுல வெச்சு ஓட்டணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாப்பேன்."

அவரு பேசினாலே பரேடு மைதானத்துல நிக்கிற மாதிரி இருக்கும். நானும் விறைப்பா நின்னு, "ஆவட்டும் ஐயா"ன்னேன். சல்யூட் அடிக்கல. கை பாதி வரைக்கும் வந்துது.

மொதல் வேலை, பழைய பெயிண்டை உரிக்கிறது. இரும்பு கேட்டுக்கெல்லாம் காஸ்டிக் சோடாவைக் கரைச்சுத் தடவினா பெயிண்டு தோலு மாதிரி உரிஞ்சு வந்துடும். அதையே இதுக்கும் தடவினேன்.

புஸ்ஸ்ஸ்!

நுரை பொங்குது! புகை கிளம்புது! குழாய் கொதிக்குது! நான் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு கிணத்தடிக்கு ஓடி, குடம் குடமா தண்ணி ஊத்தினேன். நுரை அடங்கினதும் பாத்தா, அந்த எடம் கருகருன்னு ஆயிப் போச்சு.

என் வூட்டுக்காரி சரோஜா எட்டிப் பாத்தா. "இன்னாங்க பண்றீங்க?"

"பெயிண்டு எடுக்கறேன்."

"அலுமினியக் குண்டான்ல சோடா போட்டா கருத்துப் போவும்னு சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். பெயிண்டருக்குத் தெரியாதா?"

உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உக்காந்தேன். ரெண்டு நாளு தேய்ச்சேன். சோறு திங்கும்போது கூட கை தன்னால முன்னும் பின்னும் போச்சு.

ஒருவழியா பளபளன்னு ஆக்கி, மஞ்ச பிரைமர் அடிச்சு, அதுக்கு மேல வெள்ளையில மொதல் கோட்டு அடிச்சேன். அங்கதான் சனியன் ஆரம்பிச்சுது. எங்க காய வைக்கிறது?

என் கொட்டாய் நீளத்துக்கு அது அடங்கல. வாசல்ல ரெண்டு ஸ்டூலு மேல படுக்க வெச்சேன். அது அறுப்பு நேரம். தெரு முழுக்க வைக்கோல் வண்டி போவுது, தூசி பறக்குது. ஒரு ஆடு வந்து நிதானமா முதுகு சொறிஞ்சுக்கினு போச்சு. ஆட்டுக்கு வெள்ளைக் கோடு, பாய்மரத்துக்கு ஆட்டு மயிரு.

மறுபடி உப்புத்தாள். மொதல்லேர்ந்து.

அப்பதான் என் மூளைக்கு அந்த ஐடியா வந்துது. படுக்க வெச்சாதானே தூசி விழுது? மொட்டமாடியில நிமிர்த்தி வெச்சுட்டா? ஆடு ஏறி வராது. காத்து அடிக்கும், சீக்கிரம் காஞ்சிடும்.

மாடிக்குத் தூக்கிக்கினு போய், அடியில ஒரு முழம் விட்டு மீதிக்கு வெள்ளை அடிச்சு, விட்ட எடத்தைப் பிடிச்சு நானும் சரோஜாவும் நிமிர்த்தினோம். மணல் ரொப்பின டின்னுக்குள்ள காலை நட்டோம். தொங்கின நாலு ஒயரையும் நாலு மூலையில இழுத்துக் கட்டினேன். கீழ எறங்கித் தெருவுல நின்னு பாத்தேன். கம்பீரமா நின்னுது. எனக்கே பெருமையா இருந்துது.

அது சனிக்கிழமை.

அந்தக் காலத்துல எங்க தெருவுல டிவி இருந்தது ஒரே வூட்ல. ரைஸ்மில் மொதலாளி வூட்ல. மெட்ராஸ்லேர்ந்து வர்ற படத்தைப் பிடிக்க உசரமா ஒரு ஆன்டெனா, அதுல சிக்னலை ஏத்திக் குடுக்க பூஸ்டர்னு ஒரு டப்பா வெச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சினிமா போட்டா தெருவே அவர் வூட்டு வாசல்ல உக்காந்திருக்கும். உசரக் குழாய், குறுக்கே கம்பி, நாலா பக்கமும் இழுத்துக் கட்டின ஒயரு. ஜனங்க அப்படி ஒண்ணைப் பாத்தா இன்னா நினைக்கும்?

இது எனக்கு உறைக்கலயே!

மத்தியானம் பக்கத்து வூட்டு கோவிந்தம்மா வந்துச்சு. மூஞ்சி எல்லாம் சிரிப்பு.

"ஏன் நடேசா, சொல்லவே இல்லியே! டிவி வாங்கிட்டியாமே?"

"டிவியா? யாரு சொன்னா?"

"அதான் மேல நிக்குதே!"

"அய்ய, அது பாய்மரம் அக்கா."

கோவிந்தம்மா அண்ணாந்து பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. "அதுல பாயும் இல்ல, மரமும் இல்ல. பாக்க வர்றோம்னு சொன்னா வாங்கன்னு சொல்லு, வராதீங்கன்னா வராதீங்கன்னு சொல்லு. ஏம்பா பொய் சொல்ற?"

மூஞ்சியைத் திருப்பிக்கினு போயிடுச்சு.

சரி, கோவிந்தம்மாதானே, விடுன்னு விட்டேன். கோவிந்தம்மாகிட்ட ஒண்ணைச் சொன்னா அது மைக்குல சொன்ன மாதிரின்னு அப்போ மறந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பாய்மரத்தை எறக்கி, ரெண்டாவது கோட்டு அடிச்சு, திரும்ப நிமிர்த்தினேன். எங்கயாவது பெயிண்டு ஒழுகி இருக்கான்னு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவாத் திருப்பிப் பாத்துக்கினு இருந்தேன். கீழேர்ந்து டெய்லர் மூர்த்தி குரல் குடுத்தான்.

"நடேசண்ணே! தெரியுதா?"

நான் பெயிண்டைத்தான் கேக்கறான்னு நினைச்சுக்கினேன். "கிளியரா இல்ல மூர்த்தி! புள்ளி புள்ளியா கீது!"

"இன்னும் கொஞ்சம் கெழக்கால திருப்புங்கண்ணே!"

திருப்பினேன். வெயில்ல நல்லாவே தெரிஞ்சுது. "ஆங்! இப்ப சூப்பர்!"

தெருவுல அஞ்சாறு பேரு கை தட்டினாங்க. பெயிண்டு வேலைக்குக் கை தட்டு வாங்கறது எனக்கு அதான் மொதல் தடவை. சந்தோஷமா கையை ஆட்டினேன். முட்டாப் பய!

கொஞ்ச நேரத்துல ரைஸ்மில் மொதலாளியே நேர்ல வந்துட்டாரு. சைக்கிள்ல உக்கார்றதையே கௌரவக் குறைச்சலா நினைக்கிறவரு, நடந்து வந்தாரு. அண்ணாந்து பாத்துக்கினே கேட்டாரு.

"நடேசா, எந்த ஊரு சரக்கு?"

"அரியாங்குப்பத்துது மொதலாளி."

"அரியாங்குப்பத்துல இவ்ளோ பெரிசு விக்குதா? சரி, இன்னா பூஸ்டர் போட்டே?"

"பூஸ்டர் இல்ல மொதலாளி, பிரைமர்தான் போட்டேன்."

அவரு தலையை ஆட்டினாரு. அந்த ஜாதி பூஸ்டரை அவரு கேள்விப்பட்டதே இல்லன்னு மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதோ பாரு. நீ இதை நிறுத்தின நேரத்துலேர்ந்து என் வூட்டு டிவியில படம் ஆடுது. வர்றதை எல்லாம் உன் கம்பியே இழுத்துக்குது. நீ நல்லா இருப்பா. ஆனா அடுத்தவன் படத்தைப் பிடுங்கித் திங்காதே!"

"மொதலாளி, சத்தியமா என்கிட்ட டிவியே இல்ல!"

"டிவி இல்லாத வூட்ல ஆன்டெனா எதுக்குடா?"

நியாயமான கேள்விதான். நான் சொன்ன பதில்தான் நம்புற மாதிரி இல்ல.

சாயங்காலம் ஆச்சு. தெருவே என் வாசல்ல. பாயோட வந்துட்டாங்க. மூர்த்தி சைக்கிள்ல கடலைக்காரனையும் இட்டாந்துட்டான். அந்த நேரம் பாத்து பஸ் நின்னுது. எறங்கினது யாரு? செலியமேட்லேர்ந்து என் மாமியாரு! கூட என் மச்சான், அவன் பொண்டாட்டி, புள்ளைங்க, யாருன்னே தெரியாத ரெண்டு பேரு. கையில ஒரு தூக்கு நிறைய முறுக்கு.

"அத்தை, இன்னா திடீர்னு?"

"கண்டக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கு மாப்ள. பொண்ணு குடுத்த வூட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பெத்தவ பாத்தா டிவி தேஞ்சா போவும்?"

சரோஜா கண்ணுல தண்ணி. "எம்மா, டிவி இல்லம்மா! ரெண்டு நாளா நானும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன், ஒருத்தரும் நம்ப மாட்றாங்க!"

மாமியாரு பொண்ணைப் பரிதாபமாப் பாத்துச்சு. "உன் வாயையும் அடைச்சு வெச்சிருக்காரா?"

சொல்லிட்டு நேரா உள்ள போச்சு. பின்னாடியே தெரு போச்சு. நடு வூட்ல ஜன்னல் ஓரமா, பூ போட்ட துணியால மூடி, உசரமா ஒண்ணு. கோவிந்தம்மா எதிர்ல பாயை விரிச்சு உக்காந்துடுச்சு. குட்டிப் புள்ளைங்க முன் வரிசை.

மாமியாரு துணியைத் தூக்கிச்சு.

தையல் மிஷின்.

ஒரு குழந்தை, "இதுல எப்போ படம் வரும்?"னு கேட்டுது.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "வாங்கடா எல்லாரும் மாடிக்கு! அந்தக் கம்பியையே எறக்கிக் காட்டறேன். டிவிக்குப் போற ஒயரு ஒண்ணாவது அதுல இருக்கான்னு நீங்களே பாருங்க!"

சொல்லிட்டேன். பெயிண்டு காயலன்றது சொல்லி முடிச்ச அப்புறம்தான் ஞாபகம் வந்துது. ஏரிக் காத்துல ஈரம். தொட்டா ஒட்டுற பதம். அதுக்குள்ள தெருவுல இருந்த ஆம்பளைங்க மொத்தமும் மேல ஏறிட்டாங்க.

"தொடாதீங்கடா! தொடாதீங்க! அடியைப் பிடிங்க!"

யாரு கேக்கறா? என் மச்சான் ஒயரை அவுத்தான். மூர்த்தி நடுவுல பிடிச்சான். சாஞ்சுது. "ஏய், விழுது, பிடி பிடி பிடி!" எல்லாரும் பிடிச்சாங்க. பிடிச்சப்புறம் கையைப் பாத்தாங்க. வெள்ளை. வேட்டியில தொடைச்சாங்க, சுவத்துல தொடைச்சாங்க, மூர்த்தி என் முதுகுல தொடைச்சான். தோள் மேல தூக்கிப் படி வழியா எறக்கி, வரிசையாத் தெருவுக்கு எடுத்தாந்தாங்க.

அங்க ஸ்கூட்டரை நிறுத்திட்டு நின்னுக்கினு இருந்தாரு அந்துவான் சொல்தா.

ரெண்டு பக்கமும் ஆளுங்க தோள் குடுக்க, அவரோட பாய்மரம் ஊர்வலமா வருது. முன்னாடி நான். பின்னாடி பொம்பளைங்க. சரோஜா வேற அழுதுக்கினு வர்றா.

சொல்தா மெதுவாத் தொப்பியைக் கழட்டினாரு. "நடேசன், எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

ஆனா அவரு வந்ததுல ஒரு நல்லது நடந்துது. "இது என் படகு சாமான்"னு அவரு வாயால சொன்னதும், ஊரு நம்பிடுச்சு. நான் ரெண்டு நாளு கத்தினதை அவரு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு.

அதே நேரம் ரைஸ்மில் பக்கத்துலேர்ந்து மொதலாளியோட குரல். "டேய்! கம்பியை எறக்கிட்டானா? படம் கண்ணாடி மாதிரி தெரியுதுடா! வாங்கடா எல்லாரும்!"

காத்து நின்னு அவரு ஆன்டெனா ஆடாம இருந்திருக்கும். வேற எதுவும் இருக்காது. ஆனா அதை யார்கிட்ட சொல்றது? தெரு மொத்தமும் பாயைச் சுருட்டிக்கினு ஓடுச்சு. என் மாமியாரும், முறுக்குத் தூக்கோட.

நானும் சொல்தாவும் பாய்மரமும் மட்டும் மிச்சம். அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் எங்க தெரு ஆம்பளைங்க கை ரேகை.

அவரு குனிஞ்சு நிதானமாப் பாத்தாரு. "என் ராணுவத்துல கூட இவ்ளோ பேரு ஒரே நேரத்துல கை வெச்சு நான் பாத்தது இல்ல"ன்னாரு. சிரிப்பு வந்துது அவருக்கு. எனக்கும் வந்துது, கொஞ்சம் லேட்டா. "தம்பி வர இன்னும் நாளு இருக்கு. திரும்ப அடி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

திரும்ப அடிச்சேன். இந்த தடவை ரைஸ்மில் மொதலாளியே ஆள் அனுப்பி, நெல்லு மூட்டை அடுக்கற அவரோட நீட்டு கோடவுன்ல படுக்க வெச்சுக் காய வெக்கச் சொன்னாரு. என் மேல பாசம் எல்லாம் ஒண்ணும் இல்ல. "எத்தனை நாளு வேணா வெச்சுக்கோ. நிமிர்த்தாதே. அது போதும்"ன்னாரு.

வேலை நல்லாவே வந்துது. சொல்தா தம்பியை உக்கார வெச்சு ஆத்துல ஓட்டும்போது நானும் கரையில நின்னு பாத்தேன். வெயில்ல வெள்ளை வெளேர்னு மின்னுச்சு. படகு போன அழகை விட நான் பெயிண்டைத்தான் பாத்துக்கினு இருந்தேன்.

அதுக்கப்புறம் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கழிச்சு நெஜமாவே ஒரு டிவி வாங்கினேன். பெருமையா செலியமேட்டுக்கு ஆள் அனுப்பி மாமியாரைக் கூப்பிட்டேன். வந்துச்சு. டிவியைச் சுத்தி வந்து பாத்துச்சு. மேல தடவிப் பாத்துச்சு. அப்புறம் என்னைப் பாத்து நிம்மதியா ஒரு பெருமூச்சு விட்டுச்சு.

"இப்பவாவது வெளிய எடுத்தீங்களே மாப்ள!"