ஆடியில் முகூர்த்தம்

ரசீதில் மண்டபத்தின் பெயர் பாதிதான் அச்சாகி வந்தது. மீதிப் பாதி எங்கே போயிற்று என்று குமரவேலுக்கே விளங்கவில்லை.

"பிரச்சினை இல்லை சார். அந்தப் பகுதியை மட்டும் கழட்டி வெச்சுடலாம். மத்ததெல்லாம் ஓடும்" என்றான்.

பெருங்களத்தூர்க் கல்யாண மண்டபத்தின் உரிமையாளர் சிட்டிபாபு தலையசைத்தார். அவருக்கான முன்பதிவு மென்பொருளைக் குமரவேல் ஒரு கொள்கையோடு கட்டியிருந்தான். பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கருவி எதையும் நம்பக் கூடாது. ஒவ்வொரு பகுதியும் தனித்து நிற்க வேண்டும். எதைக் கழற்றினாலும் மற்றவை ஓட வேண்டும். தாம்பரத்தில் அவனை வேலைக்கு வைத்திருந்த ஜெயவேலுவுக்குக் கொள்கையில் அக்கறையில்லை. இந்த ஆர்டர் கைநழுவினால் திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

ரசீதைக் கழற்றினான். நாட்காட்டி விரிந்தது. ஆடி மாதம் முழுவதும் முகூர்த்த நாளென்று பச்சை காட்டியது.

"ஆடில யாருப்பா கண்ணாலம் வெப்பாங்க?" என்றார் சிட்டிபாபு.

குமரவேல் நிரலைத் திறந்து பார்த்தான். யாரையும் சாராதது என்று அவன் நம்பியிருந்த நாட்காட்டி, அன்றைய தேதியை இரகசியமாக ரசீதிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதையும் கழட்டிடலாமா?" என்று மெல்லக் கேட்டாள் ஜெயஸ்ரீ. சிட்டிபாபுவின் மகள், முன்பதிவுகளைப் பார்த்துக்கொள்பவள்.

"கழட்டலாங்க."

மூலை நாற்காலியில் இருந்த அவளுடைய பெரியம்மா பாலாம்பாள், அவனுக்குச் சொந்த ஊர் எது, கூடப் பிறந்தவர்கள் உண்டா, சர்க்கரை வியாதி வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்றெல்லாம் இடையிடையே விசாரித்தாள். வேலை போய்விடுமோ என்ற நடுக்கத்திலும் அவன் ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னான்.

நாட்காட்டி போனதும் பாத்திரக் கணக்கு தடுமாறியது. அண்டாக்கள் மைனஸ் நான்கு என்றது.

"மைனஸ் நாலு அண்டால சாம்பார் எப்படிங்க வெக்கிறது?" என்றாள் ஜெயஸ்ரீ.

அதையும் கழற்றினான். அதைச் சார்ந்திருந்த சமையல் பட்டியல் சரிந்தது. அதையும் கழற்றினான். கடைசியில் ஒரு வெற்றுச் சாளரமும் 'வெளியேறு' என்ற பொத்தானும் மிஞ்சின. அது மட்டும் எதையும் சாராமல், எதையும் செய்யாமல், பிசகின்றி ஓடியது.

"இப்ப இதுல இன்னா கீது?" என்றார் சிட்டிபாபு.

"அடித்தளம் இருக்கு சார்" என்றான் குமரவேல்.

திங்கட்கிழமை காலையில் எங்கே போய் உட்கார்வது என்று அவன் யோசிக்கத் தொடங்கியிருந்தான். சிட்டிபாபு திரையைவிட்டுத் திரும்பி, மூலை நாற்காலியைப் பார்த்தார்.

பாலாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"ஜெயவேலு சொன்னாப்லயே, இவ்ளோ பேஜார்லயும் ஒரு கோவம் வர்ல பாரு. ஜெயஸ்ரீ, மாப்பிள்ளைக்குக் காபி எடுத்தாந்து குடும்மா."