கோபம் என்னுடையது, சுரப்பியுடையது அல்ல

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது.

அங்கே அனைவரும் நலம் என்று எனக்குத் தெரியும். என் மனைவியை அங்கேயே வைத்துக்கொண்டு வேளாவேளைக்கு அவள் கைச் சமையலைச் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன குறை வரும்? என் நலத்தை நீ விசாரிக்க வேண்டியதில்லை. எனக்கு நலமில்லை என்று நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு கட்டியாகிவிட்டது.

முதலில் அந்த டாக்டர். நீயும் தைராய்டு டாக்டர், அவரும் தைராய்டு டாக்டர், ஒன்றாகப் படித்தவர் என்று அனுப்பினாய். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, சாப்பிடச் சாப்பிட இளைக்கிறேன் என்று போய் உட்கார்ந்தால், அந்த மனிதர் குழாயை நெஞ்சில் வைக்காமல் கழுத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோலக் கேட்கிறார். "சுரப்பிக்குள்ள ரத்தம் சர்ருனு பாயுது சார், நல்லாவே கேக்குது" என்று எனக்கு ஏதோ பரிசு விழுந்தமாதிரி சொல்லி, சுரப்பி மிஞ்சிச் சுரக்கிறது, படபடப்பும் கோபமும் அதனால்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். ரத்தம் ஏன் அப்படிப் பாய்கிறது என்று உன்னிடம் போனில் கேட்டேன். நைட்ரிக் ஆக்சைடு என்றொரு வாயு ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது என்றாய். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் நூலகம் எனக்கும் திறந்துதான் இருக்கிறது. போய்ப் புரட்டினேன். அந்த வாயு வண்டிப் புகையில் வருகிறது என்று அச்சில் போட்டிருக்கிறது. அவ்வளவுதான், குற்றவாளி அகப்பட்டான். தினமும் விடிந்ததும் என் ஜன்னலுக்கு நேர் கீழே வேனை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், துணிமூட்டையை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறானே, சலவைக்கடைக்காரன், அவன்!

இதை உடனே உனக்குச் சொன்னேன். பாராட்டுவாய் என்று பார்த்தால் சிரிக்கிறாய்.

"அத்தான், அது வெளியிலேர்ந்து வர்றது இல்ல. உடம்பே தயாரிக்குது. உங்க சுரப்பியே தயாரிக்குது. அளவா இருந்தா நல்லது, மிஞ்சிப் போனா செல்லையே அரிச்சிடும்."

"என் உடம்பு என்ன, புகை விடுதா?"

"சரி, காலம் பூரா எடைமேடை வேலைன்னு லாரிப் புகைக்கு நடுவுல உக்காந்திருந்தீங்களே, அப்ப வராதது இப்ப வேன் புகையிலயா வரும்?"

அது லாரிப் புகை. எடை போட வந்த இடத்தில் வந்த நேர்மையான புகை. இது அத்துமீறி வீட்டுக்குள் நுழைகிற புகை. இந்த வித்தியாசம் தெரியாதவர்களுக்கெல்லாம் டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள்.

நீ உதவவில்லை என்றதும் நானே நடவடிக்கை எடுத்தேன். ஜன்னலிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைப் புகைக்குழாயைக் குறிவைத்து ஊற்றினேன். கை நடுங்கியதால் குறி தவறியது. இதை நான் மறுக்கவில்லை. தண்ணீர் முழுவதும், அப்போதுதான் இஸ்திரி போட்டு அடுக்கிய துணிகள்மேல் விழுந்தது. அவன் கீழே நின்று "யோவ் பெருசு, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கேட்க, நான் மேலே நின்று அதற்கேற்ற பதில் சொல்ல, தெருவே வேடிக்கை பார்க்க, உன் அக்கா இறங்கிப்போய் அவனிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. பேசுறது அவர் இல்ல, அவரோட தைராய்டு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் நியாயத்துக்காகப் போட்ட சண்டை அத்தனையையும் ஒரே வார்த்தையில் கழுத்துச் சுரப்பியின் கணக்கில் எழுதிவிட்டாள். மாத்திரையைத் தொடமாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். மாத்திரை போட்டுக் கோபம் தணிந்தால், கோபப்பட்டது தப்பு என்று ஆகிவிடாதா? "அப்ப உங்க சுரப்பியோடவே குடும்பம் நடத்துங்க. மாத்திரை போட்டா சொல்லுங்க, வர்றேன்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிட்டாள். நீயும் கதவைத் திறந்துவிட்டாய். வேறு யாராவது தம்பியாக இருந்தால் வாசலிலேயே புத்தி சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பான்.

ஆகவே கடைசியாகச் சொல்கிறேன். நான் சொன்னது சொன்னதுதான். வேன் நகராதவரை ஒரு மாத்திரை என் தொண்டையில் இறங்காது. உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, டாக்டர் தொழிலைத் தவிர எந்தத் தொழிலிலும் சிறந்து விளங்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன் (இன்னமும்).

பின்குறிப்பு: இதை நீ அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். கையெழுத்தோடு நிறுத்திவிடு, இது உனக்கு மட்டும். அவள் பஸ் ஏறிய அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். கை நடுக்கம் போய்விட்டது, எடையும் ஏறுகிறது. நேற்று அந்த வேன்காரனைத் திட்டலாம் என்று இறங்கிப் போனேன், திட்டு வரவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பயந்துபோய், "என்ன சார், உடம்புக்கு ரொம்ப முடியலையா? வீட்டம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டான். மேலே எழுதிய கோபம் முழுவதும் பேனாவைப் பிடித்துக்கொண்டு முயன்று வரவழைத்தது. மாத்திரை போடுகிறேன், எனக்குத் தேவலை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. தேவலை என்றால், தம்பி வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நிதானமாக வருவாள். முன்னைக்கு மோசமாகக் கத்துகிறேன் என்று சொல், பதறிப்போய் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள்.