அழையாமை விழா

மகளின் திருமணத்துக்கு யாரை யாரையெல்லாம் அழைக்கப்போவதில்லை என்பதை முறைப்படி முடிவு செய்வதற்காக, இரு வீட்டுத் தந்தையரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கூடினார்கள்.

பெண்ணின் தந்தை எடை, அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று ஆறாண்டுகள் ஆகியும் அலுவலகம் அவரைவிட்டு ஓய்வு பெறவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகினால்கூட ஒரு கோப்பைத் திறந்து, அதற்கு எண்ணிட்டு, அதன் பிறகே குழாய்க்காரருக்குச் சொல்லி அனுப்புவார். பையனின் தந்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரியாக இருந்தவர். பிறர் தலைகளை எண்ணி எண்ணியே தம் தலை நரைத்தவர். சம்பந்திகள் இருவருக்கும் முதல் சந்திப்பிலேயே ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று. மணமக்கள் அவ்வளவு விரைவில் மனம் ஒத்ததாகத் தகவல் இல்லை.

மணமக்களின் விருப்பம் எளியது. குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில், பதிவாளர் முன்னிலையில் கையெழுத்து, பிறகு சாப்பாடு, மொத்தம் இருபது பேர். 'நெருக்கமான திருமணம்' என்பது அப்போது பரவிவந்த நாகரிகம். அதற்கென்றே திருமண வடிவமைப்பாளர் என்றொரு பெண்மணி இருந்தார். ஆட்களைக் குறைப்பதற்கு அவர் வாங்கிய கட்டணத்தில், குறைக்கப்பட்ட ஆட்கள் அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டிருக்கலாம். 'குடும்பத்தாரையும் சம்பந்தி வீட்டாரையும் அர்த்தமுள்ள முறையில் ஈடுபடுத்துவது எப்படி' என்று தலைப்பிட்ட ஒரு வழுவழுப்பான தாளையும் அவர் தந்திருந்தார்.

மகள் அந்தத் தாளைத் தந்தையிடம் நீட்டி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த இருபது பேர்ல அத்தை இருக்கணும்ப்பா."

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அத்தை என்பது அவருடைய தங்கை. மூன்று தெரு தள்ளித் தையற்கடை வைத்திருப்பவள். மகள் நாலு வயதில் தாயை இழந்த நாள் முதல் பள்ளி இறுதி வரை, காலையில் வந்து தலைவாரிவிட்டவள் அவள்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் தம் பிரிவுபசார விழாவுக்கு அண்ணன் அவளைத் தொலைபேசியில் அழைத்தார். "போன்ல கூப்பிட்டா போன்லயே வந்துட்டதா வெச்சுக்கோ" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அன்று நின்ற பேச்சு.

"அத்தை விஷயம் பரிசீலனையில இருக்கும்மா."

"ஆறு வருஷமாவா?"

"பரிசீலனைன்னா பின்ன எப்படி இருக்கும்?"

மகள் தானே போய் அழைத்தும் பார்த்திருந்தாள். "நீ கல்யாணப் பொண்ணுடி. கூப்பிட வேண்டியது உங்கப்பன். கால் இருக்குல்ல அவனுக்கு?" என்று அத்தை ஊசியில் நூலைக் கோத்தபடியே சொல்லியனுப்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இந்தச் சூழ்நிலையில்தான் நடைபெற்றது. கணக்கெடுப்பாளர் இரு வீட்டு உறவினரையும் எண்ணி வந்திருந்தார்: குடும்பத் தலைவர்கள் முன்னூற்று முப்பத்து இரண்டு பேர். இருபது போக மிச்சம் முன்னூற்றுப் பன்னிரண்டு. வழுவழுப்புத் தாளின் ஏழாம் வரி இப்படிச் சொல்லியது: 'அழைக்க இயலாதவர்களையும் உங்கள் மகிழ்ச்சியில் அர்த்தமுள்ள முறையில் பங்குபெறச் செய்யுங்கள்.'

"இதுக்கு என்ன பொருள் சம்பந்தி?" என்றார் கணக்கெடுப்பாளர்.

"ஒருத்தரை அழைக்காம விடறது தப்பில்லை. சொல்லாம விடறதுதான் தப்பு. 'உங்களை அழைக்கலை'ன்னு முறையாத் தெரிவிச்சுட்டா யாருக்கும் வருத்தம் வராதே?"

"போன்ல சொல்லிடலாமா?"

"போனா!" கண்காணிப்பாளரின் கை நெஞ்சுக்குப் போயிற்று. "நேர்லதான் போகணும். ரெண்டு வீட்டாரும் சேர்ந்து போகணும். கையில ஒரு அட்டை கொடுக்கணும்."

அட்டையின் வாசகம் மூன்று அமர்வுகளில் இறுதி செய்யப்பட்டது. 'நிகழும் மாதம் பதினெட்டாம் நாள் நடைபெறவிருக்கும் எங்கள் இல்லத் திருமணத்துக்குத் தாங்கள் சுற்றம் சூழ வருகை தராதிருந்து சிறப்பிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.' அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'இவ்வறிவிப்பு, இதனைப் பெறாதவர்களுக்குப் பொருந்தாது.' அந்தக் குறிப்பு கணக்கெடுப்பாளரின் கைவண்ணம். அது இல்லாவிட்டால் அந்த இருபது பேரும் உள்ளே வர முடியாமல் போய்விடுமே என்று அவர் அஞ்சினார். கண்காணிப்பாளர் அந்த முன்யோசனையை எழுத்திலேயே பாராட்டினார்.

"இன்னொண்ணு," என்றார் கணக்கெடுப்பாளர். "உங்க தங்கச்சி ஒருத்தங்க இருக்காங்களாமே. அவங்க எந்தப் பட்டியல்?"

கண்காணிப்பாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அழைப்பதென்றால் அவள் வீட்டுப் படியேற வேண்டும். அழைக்கவில்லை என்று சொல்வதற்கும் அதே படியைத்தான் ஏற வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வெற்றி அவளுக்கே.

"ரெண்டுலயும் சேராத இனம்னு ஒண்ணு உங்க துறையில உண்டா?"

"'வீடு பூட்டியிருந்தது'ன்னு போடுவோம்."

"அப்படியே போடுங்க."

அந்தப் பட்டியலைப் படித்த மகள் தந்தைக்கு எதிரே வந்து நின்றாள். "அத்தை வீடு என்னைக்குப்பா பூட்டியிருந்தது? காலைல ஏழு மணிக்கே தையல் மெஷின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குமே."

தந்தை பதில் தேடிக் கோப்பைத் திறந்தார். அதற்குள் அவள் போய்விட்டாள். அது அவரைச் சங்கடப்படுத்தியது. கேள்வி கேட்டவர் எதிரே நின்றால்தானே பதில் தயாரிக்க முடியும்?

அட்டை வழங்கும் பணி மறுநாள் தொடங்கியது. முதல் வீடு மைக் மாமாவின் வீடு. எந்த விழாவிலும் ஒலிபெருக்கியைக் கைப்பற்றாமல் சாப்பிடாதவர் என்பதால் அந்தப் பட்டம்.

"வாங்க வாங்க! சம்பந்தியும் சேர்ந்து வந்திருக்கார். கல்யாணம் என்னைக்கு?"

"பதினெட்டாம் தேதி மாமா. நீங்க குடும்பத்தோட அவசியம் வராம இருக்கணும்."

மைக் மாமா அட்டையை ஒருமுறை படித்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி இன்னொரு முறை படித்தார். அவர் கண் கலங்கியது.

"எத்தனையோ பேர் என்னைக் கூப்பிடாம விட்டிருக்காங்கப்பா. ஒருத்தனாவது வீடு தேடி வந்து சொன்னானா? உட்காருங்க, ஏதாவது சாப்பிட்டுத்தான் போகணும்."

செய்தி பரவிற்று. ஒரே வாரத்தில் நாற்பது வீடுகள் முடிந்தன. அதற்குள் எழுபது வீடுகளிலிருந்து புகார் வந்தது. "என் மச்சினனுக்கு நேர்ல போய் வர வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. நாங்க மட்டும் என்ன இளப்பமா?" இந்த வேகத்தில் போனால் பதினெட்டாம் தேதிக்குள் எல்லோரையும் அழைக்காமல் இருந்து முடிக்க இயலாது என்பதைக் கணக்கெடுப்பாளர் ஒரு வரைபடம் போட்டு விளக்கினார். ஆகவே எஞ்சியோர் அனைவருக்கும் ஒரே இடத்தில், ஒரே நாளில் அட்டை வழங்க முடிவாயிற்று. முன்பே வாங்கியவர்களை விட்டால் மனவருத்தம் வரும் என்பதால் அவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

அதற்குத்தான் அழையாமை விழா என்று பெயர். ஊரிலேயே பெரிய மண்டபம் எடுக்கப்பட்டது. முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தன. மூன்று பந்தி. மைக் மாமா நாற்பது நிமிடம் பேசினார். ஒவ்வொரு குடும்பமும் மேடையேறி, தாங்கள் அழைக்கப்படாத அட்டையைப் பெற்று, பரிசு தந்து, மணமக்களை வாழ்த்தி, படம் எடுத்துக்கொண்டு இறங்கியது. நாலு மணி நேரம் சிரித்துச் சிரித்து மகளுக்குத் தாடை மரத்துப்போயிற்று.

"அப்பா, நாங்க வேண்டாம்னு சொன்னதே இதைத்தானே?"

"இது கல்யாணம் இல்லம்மா. கல்யாணத்துக்கு வர வேண்டாம்னு சொல்ற நிகழ்ச்சி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் வந்திருந்தவர்கள், மணமக்களைத் தவிர, சம்பந்திகள் இருவர், கணக்கெடுப்பாளரின் மனைவி, பதிவாளர். மற்ற நாற்காலிகள் வெறுமனே கிடந்தன. பத்து மணிக்குக் கணக்கெடுப்பாளர் தம் அண்ணனுக்குத் தொலைபேசினார். பேச்சு கூடம் முழுதும் கேட்டது.

"என்னண்ணா, இன்னும் கிளம்பலையா?"

"எதுக்குக் கிளம்பணும்? ஊரையே மண்டபத்துல கூட்டி விருந்து வெச்சீங்க. அட்டை அட்டையா அள்ளிக் கொடுத்தீங்க. கூடப்பிறந்தவன் எனக்கு ஒரு அட்டை உண்டா?"

"நீங்க வர வேண்டியவங்கண்ணா. அந்த இருபது பேர்ல நீங்க ஒருத்தர்."

"அப்படியா? யார் வந்து சொன்னா?"

கணக்கெடுப்பாளர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். அழைக்கப்படாதவர்களைப் பற்றி நூற்று நாற்பது பக்கங்கள் இருந்தன. அழைக்கப்பட்டவர்களுக்கு ஒரே ஒரு பக்கம். அதில் பெயர்கள் மட்டும். அவர்களிடம் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது எந்த அமர்விலும் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பதிவாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "பையன் வீட்டுச் சாட்சி ரெண்டு பேர் இருக்காங்க. பொண்ணு வீட்டுப் பக்கம் அப்பா ஒருத்தர்தான். இன்னொரு சாட்சி வேணும். பன்னிரண்டு மணிக்கு எனக்கு வேற இடம். விட்டா அடுத்த தேதி ஆறு வாரம் கழிச்சுத்தான்."

"மைக் மாமா பக்கத்துலதானே இருக்கார், கூப்பிடுங்கப்பா!" என்றாள் மகள்.

"அவர் அறிவிப்பு வாங்கினவர்மா. அவர் வரணும்னா அறிவிப்பை ரத்து செய்யணும். அதுக்குக் குழு கூடணும்."

"குழுவே நீங்க ரெண்டு பேர்தானேப்பா! இங்கதானே இருக்கீங்க!"

"கூடறதுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்கணுமே," என்றார் கணக்கெடுப்பாளர் வருத்தத்துடன்.

மகள் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டாள். கண்காணிப்பாளர் அவளை நோக்கி இரண்டடி வைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விதியை மீறலாமா என்று அவருக்குத் தோன்றிய கணம் அதுவே. எந்த விதியை முதலில் மீறுவது என்று அவர் தேர்ந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. தையற்கடைத் தங்கை நின்றாள்.

இந்த இடத்தில் கதை இரு விதமாக வழங்குகிறது. தங்கையை வரவேற்க அண்ணன் விரைந்தார் என்பர் பெண் வீட்டார். வழி மறிக்க விரைந்தார் என்பர் மாப்பிள்ளை வீட்டார். விரைந்தார் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"உன்னை யாரும் அழைக்கலையே," என்றார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர் அவளிடம் பேசிய முதல் சொற்கள் அவை.

"ஆமா. அழைக்கலைன்னும் யாரும் வந்து சொல்லலையே." அவள் இடுப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். "மைக் மாமா பொண்டாட்டி ரவிக்கை தைக்க வந்தப்போ பெருமையாக் காட்டினா. இரவலா வாங்கி வெச்சேன். இது அவங்க அட்டை, எனக்குன்னு ஒண்ணும் வரலை. கீழே பொடி எழுத்தைப் படி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இவ்வறிவிப்பு, இதனைப் பெறாதவர்களுக்குப் பொருந்தாது," என்று முணுமுணுத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "விதிப்படி சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா வழியை விடுண்ணே."

அவர் வழியை விட்டார். அவள் நேரே போய் மருமகளின் முகத்தை நிமிர்த்தி, "யாருடி உனக்கு இப்படித் தலைவாரிவிட்டது? காக்கா கூடு கட்டினாக்கூட இதைவிட நல்லா இருக்கும்," என்று சொல்லிக் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். பதிவாளர் மீண்டும் கைக்கடிகாரத்தைத் தட்டினார். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் அவளுக்குப் பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தார்; மன்னிப்பு என்ற பெயரில் அவரிடமிருந்து வெளிவந்தது அவ்வளவுதான்.

திருமணம் இத்துடன் முடிந்தது, நாகரிகம் முடியவில்லை. ஓராண்டுக்குள் அந்த ஊரில் அழையாமை விழா நடத்தாத குடும்பம் மானமுள்ள குடும்பமாக மதிக்கப்படாத நிலை வந்தது. திருமண வடிவமைப்பாளர் அதற்குத் தனிக் கட்டணம் வைத்தார். பதிவாளர் அலுவலகப் படிவத்தில் 'அழையாமை விழா நடைபெற்ற நாள்' என்று ஒரு கட்டம் புதிதாக முளைத்தது. வேண்டியவர்கள் எல்லோரும் அட்டை பெற்றுவிடுவதால், திருமண நாளன்று தடையின்றி உள்ளே வரக்கூடியவர்கள், பேச்சு அறுந்துபோய் எந்தப் பட்டியலிலும் சேராதவர்கள் மட்டுமே என்றாயிற்று. ஒருவர் உண்மையாகவே தம் வீட்டுத் திருமணத்தில் இருக்க வேண்டுமென்றால், முன்கூட்டியே அவரோடு சண்டை போட்டுக்கொள்வதுதான் வழி.

கணக்கெடுப்பாளரின் இளைய மகனுக்குத் திருமணம் நிச்சயமானது. அவர் ஒரு படிவத்துடன் கண்காணிப்பாளரின் வீட்டுக்கு வந்தார்.

"சம்பந்தி, நீங்க இந்தக் கல்யாணத்துக்கு அவசியம் இருக்கணும். அதனால நமக்குள்ள ஒரு சண்டை போட்டுக்கணும்."

"தாராளமா. எப்ப வெச்சுக்கலாம்?"

"இப்பவே பூர்த்தி செஞ்சுட்டா நல்லது. சண்டைக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதறது? நமக்குள்ளதான் ஒண்ணுமே இல்லையே."

இருவரும் யோசித்தார்கள். கண்காணிப்பாளர் உதவும் நோக்கத்தில், "சும்மா ஒரு பேச்சுக்கு, என் பொண்ணு கல்யாணத்துக்கு உங்க அண்ணன் வரலைன்னு போடுங்களேன்," என்றார்.

"அவரைக் கூப்பிட வேண்டியது பொண்ணு வீட்டுக்காரங்கதானே சம்பந்தி?"

"பட்டியல் போட்டது நீங்க."

"கோப்பு வெச்சிருந்தது நீங்க. நூத்து நாப்பது பக்கம் எழுதின கைக்கு ஒரு வரி எழுத வலிச்சுதா?"

"என் தங்கச்சி வீடு பூட்டியிருந்ததா எழுதின மனுஷன்தானே நீங்க!"

"எழுதச் சொன்னது யாரு?"

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. கணக்கெடுப்பாளர் செருப்பைப் போடவும் மறந்து படியிறங்கிப் போனார். படிவம் மேசைமேல் காலியாகவே கிடந்தது. காரணம் எழுதும் கட்டம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்திராது.